உரிமையாளரிடமே வீடு வாங்கினால் தரகுக் கூலி உண்டா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்து பள்ளி காலியான பிறகு ஒரு சகோதரர் மிம்பர் அருகே வந்து உட்கார்ந்தார். புதிதாக வீடு வாங்கியிருந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். வீட்டை உரிமையாளர்கிட்டதான் நேரா வாங்கினேன். அப்படின்னா புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கத் தேவையில்லைதானே?"

"தேவையில்லை தம்பி. புரோக்கர் யாரும் நடுவில் வரலையே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். இன்றைய பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். ஏனென்றால் அது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. வீடு வாங்கியவர், வாங்க நினைப்பவர், விற்பவர், தரகு பார்ப்பவர் என்று நம் ஸஃப்பில் நிற்கும் பலருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நடந்தது இதுதான்

ஏழெட்டு மாதமாக வீடு தேடியிருக்கிறார். ஒரு வயதான தரகர் தன்னுடைய மொபெட்டில் இவரை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஆறு வீடுகளைக் காட்டினார். "வாங்குறவங்க ஒரு சதவீதம், விக்கிறவங்க ஒரு சதவீதம் பாய்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இவரும் சரி என்று தலையாட்டினார். ஏழாவது வீடு பிடித்துப் போனது. உரிமையாளர் சொன்ன விலை 48 லட்சம்.

தரகர் வெளியே வண்டியைத் திருப்பிக் கொண்டிருந்த நேரத்தில் உரிமையாளர் இவருடைய கைபேசி எண்ணை வாங்கிக் கொண்டார். அன்று இரவே அழைப்பு வந்தது. "நாம ரெண்டு பேரும் நேரடியாப் பேசிக்கலாம். அவருக்குக் கொடுக்குறதை நமக்குள்ள பிரிச்சுக்கலாம். நான் 25,000 குறைச்சுக்கறேன்."

மறுநாள் இவர் தரகரிடம், "அந்த வீடு வீட்டுல பிடிக்கலையாம், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் பத்திரப் பதிவு முடிந்தது. விலை 47,75,000.

வெள்ளையடிக்கும் வேலை நடந்து கொண்டிருந்தபோது அந்தத் தரகர் தற்செயலாக அந்தத் தெரு வழியே வந்தார். வாசலில் இவர் நிற்பதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினார். சண்டை போடவில்லை. "வீடு அமைஞ்சிடுச்சா பாய், சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவர் திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன் ஹஜ்ரத்" என்றார் அந்தச் சகோதரர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தரகர் மூலமே வாங்கியிருந்தால் வாங்குபவரின் செலவு 48 லட்சமும் அதில் ஒரு சதவீதமான 48,000-மும் சேர்ந்து 48,48,000. இப்போது கொடுத்தது 47,75,000. மிச்சம் 73,000.

விற்பவருக்குத் தரகர் மூலம் என்றால் 48 லட்சத்தில் 48,000 போக 47,52,000 கையில் நின்றிருக்கும். இப்போது கிடைத்தது 47,75,000. அவருக்கு மிச்சம் 23,000.

இரண்டையும் கூட்டுங்கள். 96,000. இரு தரப்பிலும் தரகருக்குச் சேர வேண்டிய கூலி எவ்வளவு? 96,000. ஒரு ரூபாய் பிசகவில்லை. இருவரும் "மிச்சம் பிடித்தோம்" என்று நினைத்தது, மூன்றாவது ஒருவருடைய கூலியைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொண்டதுதான். அதைத்தான் "நேரடியாக வாங்கினேன்" என்ற சொல் மறைக்கிறது.

தரகு வேலை மார்க்கத்தில் ஆகுமானதா?

"ஒரு வீட்டைக் காட்டியதற்கு இவ்வளவு பணமா? உட்கார்ந்து சாப்பிடும் காசுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். தரகை ஏதோ ஹராமான வருமானம் போலப் பேசுகிறார்கள். இது சரியல்ல.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மதீனாவில் தரகர்கள் இருந்தார்கள். அவர்களை அரபியில் ஸமாஸிரா என்று அழைத்தார்கள். கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அப்படி ஒருவர். நபியவர்கள் தங்களைக் கடந்து சென்றபோது அந்தப் பெயரை விடச் சிறந்த பெயரைச் சூட்டி, வியாபாரிகளே என்று அழைத்தார்கள் என அவர் அறிவிக்கிறார். கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்து விடுகின்றன என்பதால் அதனுடன் தர்மத்தையும் கலந்து கொள்ளுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது. நபியவர்கள் அந்தத் தொழிலைத் தடுக்கவில்லை. கண்ணியமான பெயரைக் கொடுத்து, அதில் உள்ள ஆபத்தையும் சுட்டிக் காட்டினார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது நூலில் கூலி பற்றிய பகுதியில் தரகரின் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் போன்ற தாபியீன்கள் இதில் தவறில்லை என்று கருதியதை அங்கே எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆகவே தரகர் வாங்குவது பிச்சையோ அன்பளிப்போ அல்ல. அது கூலி.

எந்த வேலைக்குக் கூலி?

அல்லாஹ் யூசுஃப் அத்தியாயத்தின் 72-ஆவது வசனத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். மன்னரின் அளவுப் பாத்திரம் காணாமல் போகிறது. அதைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டு, அதற்குத் தாமே பொறுப்பு என்று அறிவிக்கப்படுகிறது. இத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று பேச்சில்லை. கொண்டு வந்தால் கூலி. இப்படி முடிவுக்காகத் தரப்படும் கூலியை ஃபிக்ஹு நூல்களில் ஜுஆலா என்கிறார்கள்.

வீட்டுத் தரகு பெரும்பாலும் இந்த வகைதான். பத்து வீடு காட்டியும் எதுவும் முடியவில்லை என்றால் தரகருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பெட்ரோலும் அவர் காசு, நேரமும் அவருடையது. முடியும் ஒரு வீட்டில்தான் அவருக்கு எல்லாம் சேர்த்துக் கிடைக்கிறது. அந்த ஒன்றையும் நாம் ஒளித்து முடித்தால் அவருடைய பத்து நாள் உழைப்பும் போகிறது.

ஷாஃபி மத்ஹபின் நூல்களில் ஜுஆலா பற்றி இரண்டு சட்டங்களைக் கவனியுங்கள். ஒன்று, யாரும் கேட்காமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் தானாகவே வேலை செய்தவருக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை. மற்றொன்று, கூலி பேசி வேலையில் இறக்கியவர், வேலை தொடங்கிய பிறகு நடுவில் ரத்துச் செய்தால், செய்த வேலைக்கு உரிய நியாயமான கூலியை அவர் கொடுக்க வேண்டும். இன்றைய கேள்விக்கு இரண்டு பக்கத்து விடையும் இதற்குள் இருக்கிறது.

"நேரடி" என்பதில் ஐந்து நிலைகள்

1. உண்மையிலேயே நேரடி. வீட்டு வாசலில் மாட்டிய பலகையைப் பார்த்தீர்கள், அல்லது உறவினர் சொன்னார், அல்லது பக்கத்து வீட்டுக்காரரே விற்கிறார். நீங்களே போய்ப் பேசி முடித்தீர்கள். இதில் யாருக்கும் தரகுக் கூலி கடமையில்லை. சில ஊர்களில் கிரையம் முடிகிற நேரத்தில் ஒருவர் வந்து, "இது என் ஏரியா, என்னைக் கேக்காம எப்படி முடிக்கலாம்?" என்று பணம் கேட்பார். அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வாங்குவதும் ஆகாது. ஒருவர் மற்றவர் பொருளைத் தவறான முறையில் உண்ணக் கூடாது, மனமொத்த வியாபாரமாக இருந்தால் தவிர என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆவது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். வேலை செய்யாமல் மிரட்டி வாங்குவது கூலி ஆகாது.

தகவல் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கோ, உதவிய நண்பருக்கோ நீங்கள் மகிழ்ச்சியோடு ஏதாவது கொடுத்தால் அது அன்பளிப்பு. கொடுப்பது நல்லது. கேட்டுச் சண்டை போடும் உரிமை அவருக்கு இல்லை.

2. தரகர் காட்டினார், பிறகு அவரை விலக்கினோம். அந்தச் சகோதரருடைய நிலை இதுதான். அந்த வீடு விற்பனைக்கு இருப்பதே தரகர் வாயிலாகத்தான் தெரிந்தது. கூலியும் முன்பே பேசப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் அவர் கடைசி நாள் உட்காரவில்லை என்பதால் கூலி விழுந்து விடாது. அவரை உட்கார விடாமல் செய்ததே நாம்தான். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஏவுகிறது. வாயால் சொன்ன சரியும் உடன்படிக்கைதான்.

3. தரகர் காட்டினார், அப்போது உண்மையாகவே முடியவில்லை. விலை ஒத்து வரவில்லை, விட்டுவிட்டீர்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே வீடு வேறொரு வழியில் உங்களிடம் வருகிறது. இங்கே ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய தரகரின் முயற்சிதான் இந்தக் கிரையத்துக்குக் காரணமா, அல்லது அது முடிந்துபோன கதையா என்று பாருங்கள். பேச்சை முறித்ததில் உங்கள் தந்திரம் எதுவும் இல்லை என்று அல்லாஹ்வின் முன் சொல்ல முடியுமா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவரிடமே பேசி ஒரு தொகைக்குச் சமாதானம் செய்து கொள்ளுங்கள்.

4. உரிமையாளருக்கும் அவருடைய தரகருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது, நீங்கள் தனியாக வந்தீர்கள். நீங்கள் எந்தத் தரகரையும் அமர்த்தவில்லை என்றால் உங்கள் மீது கூலி இல்லை. உரிமையாளர் அவருடைய தரகருக்கு என்ன வாக்குக் கொடுத்தாரோ அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் "என் தரகரிடம் சொல்லாதீர்கள், தேதியை மாற்றி எழுதிக் கொள்வோம்" என்று அவர் கேட்டால் அதற்கு நீங்கள் துணை போகக் கூடாது.

5. ஒருவர் காட்டினார், இன்னொருவர் முடித்தார். இரண்டு தரகர்களுடைய உழைப்பும் சேர்ந்துதான் வேலை முடிந்தது என்றால், பேசிய கூலியை அவர்கள் தங்கள் உழைப்புக்கு ஏற்பப் பிரித்துக் கொள்ள வேண்டும். இருவருக்கும் தனித்தனியாக முழுக் கூலி கொடுக்க உங்கள் மீது கடமை இல்லை, நீங்களே இருவரிடமும் தனித்தனியாக வாக்குக் கொடுத்திருந்தால் தவிர.

எவ்வளவு கொடுப்பது?

பேசிய தொகைதான் அளவு. ஆகவே முதல் நாளே பேசிவிடுங்கள். நம் ஊர்களில் வீடு, மனைக்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்றும், வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகை என்றும் வழக்கம் இருக்கிறது. இடத்துக்கு இடம் இது மாறும். எதுவும் பேசாமல், அதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை வேலை வாங்கி விட்டால், அந்த ஊர் வழக்கப்படியான கூலி அவருக்கு உண்டு என்று அறிஞர்களில் பலர் கூறுகிறார்கள். ஊர் வழக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, பேசி முடித்த நிபந்தனையைப் போலத்தான் என்பது ஃபிக்ஹின் விதிகளில் ஒன்று.

விலையில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசலாமா? விலை முடியும் வரை தொகை எவ்வளவு என்று தெரியாதே என்று முற்காலச் சட்ட அறிஞர்கள் தயங்கினார்கள். மக்களின் தேவையையும் பரவலான வழக்கத்தையும் கருதிப் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தரகர் கூலியை அனுமதித்தார்கள். இன்றைய அறிஞர்களில் பலர், சதவீதம் தெளிவாக இருந்து இருவரும் ஒப்புக் கொண்டால் தவறில்லை என்கிறார்கள். சந்தேகமே வேண்டாம் என்று நினைப்பவர், விலை படிந்தவுடன் "உங்களுக்கு இத்தனை ஆயிரம்" என்று ரூபாயில் உறுதி செய்து கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் மனதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023-இல் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தச் சகோதரரின் விலைக்கு இதுவே 4,29,750 ரூபாய். அதைக் கட்டினார். வக்கீலுக்கும் பத்திரம் எழுதியவருக்கும் கேட்டதைக் கொடுத்தார். யாரிடமும் "வீட்டுல பிடிக்கலை" என்று பொய் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அங்கே பணம் கட்டாவிட்டால் வேலை நடக்காது. கையில் ரசீதும் இல்லாமல், கையெழுத்தும் இல்லாமல், நம் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிய ஒருவர் இருந்தார். சிக்கனம் அவரிடம் மட்டும் வந்தது. அதைச் சிக்கனம் என்று சொல்ல முடியுமா? வலிமை இல்லாதவரைப் பார்த்து வெட்டுவது அல்லவா அது?

வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியில் பதிவான ஹதீஸ் குத்ஸி இது. தரகர் இங்கே நீதிமன்றம் போக மாட்டார். அவரிடம் காகிதம் இல்லை. அங்கே அவருக்குக் காகிதம் தேவையில்லை.

"அவர் நம்மவர் இல்லையே?"

அந்தத் தரகர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்ல. அந்தச் சகோதரர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அப்படி நினைக்கும் சிலர் இருக்கிறார்கள். நம்மைச் சேராதவர்கள் விஷயத்தில் நம் மீது குற்றமில்லை என்று கூறி, நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராமல் இருந்தவர்களை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75-ஆவது வசனத்தில் அல்லாஹ் கண்டிக்கிறான். அவர்கள் அறிந்து கொண்டே அல்லாஹ்வின் மீது பொய் சொல்கிறார்கள் என்கிறான். கூலிக்கு மதம் கிடையாது. சொல்லப்போனால், "பாய் சொன்னா சரியா இருக்கும்" என்று நம்பி எழுதி வாங்காமல் வேலை செய்தவரை ஏமாற்றினால், கெடுவது நம் ஒருவர் பெயர் மட்டும் அல்ல.

தரகு பார்க்கும் சகோதரர்களுக்கு

கூலி உங்கள் ஹக். அது ஹலாலாக இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கூலி வாங்குவது வழக்கமாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

விலையின் மேல் ரகசியமாக வைக்காதீர்கள். உரிமையாளர் 45 லட்சம் என்று சொன்னதை 48 என்று சொல்லி, இடையில் உள்ள மூன்று லட்சத்தை யாருக்கும் தெரியாமல் எடுப்பது துரோகம். உரிமையாளரே, "எனக்கு 45 போதும், அதற்கு மேல் கிடைப்பது உனக்கு" என்று வெளிப்படையாகச் சொன்னால் அது வேறு. அதில் தவறில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை அந்த புகாரி பாடத்திலேயே காணலாம். ஆனால் வாங்குபவரிடமும் கூலி பேசிக் கொண்டு, "உங்களுக்காகக் குறைத்துப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு இதைச் செய்தால் அவரை ஏமாற்றியவர் ஆகிறீர்கள்.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபியவர்கள் ஓர் ஆடு வாங்கி வர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடு வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து கொடுத்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். புகாரியில் இது இருக்கிறது. இடையில் கிடைத்த லாபத்தை அவர் மறைக்கவில்லை. தன்னை அனுப்பியவரிடம் கொண்டு வந்து வைத்தார். பரக்கத் அங்கே இறங்கியது.

வாங்கும் எண்ணமே இல்லாத ஆளை அழைத்து வந்து, "இன்னொரு பார்ட்டி 50 தரத் தயாரா இருக்கு" என்று விலையை ஏற்றாதீர்கள். இதற்குப் பெயர் நஜ்ஷ். நபியவர்கள் தடுத்தது.

குறையை மறைக்காதீர்கள். நிலம் நீர்நிலைப் புறம்போக்கா, வக்ஃபுக்கு உரியதா, வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறாரா, கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்திருந்தும் சொல்லாமல் முடித்தால் அந்தக் கூலியில் என்ன நலம் இருக்கும்? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் வரும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நடுவில் நிற்பவருக்கும் அந்த எச்சரிக்கையில் பாடம் உண்டு.

நேரடியாக வாங்குபவர்களுக்கு

நேரடியாக வாங்குவது முழுக்க ஆகுமானது. கூலியும் மிச்சமாகும். ஆனால் தரகர் இல்லாதபோது அவர் பார்க்கும் வேலையும் உங்கள் தலையில் வருகிறது. அதைச் சோம்பலால் விட்டுவிட்டு, பிறகு வில்லங்கத்தில் சிக்கிக் கொள்ளாதீர்கள்.

- பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பாருங்கள். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்ப்பது நல்லது.
- பட்டா யார் பெயரில் இருக்கிறது, மூலப் பத்திரங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று வக்கீலிடம் காட்டுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.
- விற்பவரின் தகப்பனார் இறந்திருந்தால் வாரிசுகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சகோதரிகளின் பங்கைக் கொடுக்காமல் அண்ணன் தம்பிகள் விற்கும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை. பிறருடைய பங்கு உள்ள வீட்டில் நிம்மதியாகத் தொழ முடியுமா?
- பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதி வேறு. ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்தவருக்குத்தான் நல்ல தரகர் ஒருவரின் உழைப்பு என்ன என்று புரியும்.

எழுதிக் கொள்ளுங்கள்

குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282-ஆவது வசனம். தவணைக்கான கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே அது பேசுகிறது. ஆனால் லட்சக்கணக்கில் வீடு வாங்கும் நாம் தரகர் விஷயத்தில் ஒரு துண்டுச் சீட்டும் எழுதுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் இடைநிற்கும் முகவர்கள் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பழைய தனி வீட்டுக்கு இன்றும் பெரும்பாலும் வாய்ப் பேச்சுதான்.

ஒரு வாட்ஸ்அப் செய்தியே போதும். எந்த வீட்டைக் காட்டினார், என்ன தேதி. கூலி எவ்வளவு, யார் தருவது. எப்போது தருவது, அட்வான்ஸ் போடும்போதா, பத்திரம் முடிந்தபிறகா. கிரையம் முறிந்தால் என்ன. எத்தனை மாதத்துக்குள் இந்த வீட்டை வாங்கினால் இவருக்குக் கூலி உண்டு. இந்த ஐந்தையும் எழுதி, அவர் சரி என்று பதில் போட்டால் முடிந்தது. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

வீட்டை விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தரகரைப் பயன்படுத்த விருப்பம் இல்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் பலகை மாட்டுங்கள். அவரை ஆள் கொண்டு வர விட்டு, கொண்டு வந்த ஆளின் எண்ணை அவர் முதுகுக்குப் பின்னால் வாங்காதீர்கள். நீங்கள் மட்டும் பாவம் செய்யவில்லை, வாங்க வந்தவரையும் பொய் சொல்ல வைக்கிறீர்கள்.

செய்துவிட்டவர் என்ன செய்வது?

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான பாவத்துக்கு அழுது தவ்பா செய்தால் அவன் மன்னிப்பான். அடியானின் ஹக் அப்படி அல்ல. அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது அவர் மனமார விட்டுக் கொடுக்க வேண்டும். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வந்தும், பிறருடைய பொருளைத் தின்றிருந்ததால் தன் நன்மைகளை அவர்களுக்குக் கொடுத்து ஓட்டாண்டியாகும் மனிதனைப் பற்றி நபியவர்கள் எச்சரித்ததை முஸ்லிமில் படிக்கிறோம்.

ஆகவே தரகர் உயிரோடு இருந்தால் அவரிடம் போங்கள். இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுங்கள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அவர் சார்பில் அந்தத் தொகையைத் தர்மம் செய்துவிடுங்கள் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். பிறகு அவர் வந்து கேட்டால் கொடுக்கவும் தயாராக இருங்கள்.

அந்தச் சகோதரரிடம் இதைத்தான் சொன்னேன். "முடிந்த விலைக்கு ஒரு சதவீதம் 47,750. அது உங்கள் பங்கு. விற்றவருடைய பங்கு அவர் பொறுப்பு. ஆனால் அவரிடமும் போய் எடுத்துச் சொல்லுங்கள்."

அடுத்த ஜுமுஆவுக்கு வந்தார். 48,000-மாகக் கொண்டு போய்க் கொடுத்ததாகச் சொன்னார். தரகர் பணத்தை வாங்கி எண்ணாமலேயே சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, "காசு கூட பரவாயில்லை பாய். பிடிக்கலைன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு உங்களுக்காக இன்னொரு வீடு தேடிக்கிட்டு அலைஞ்சேன். அதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அந்தச் சகோதரரின் கண் கலங்கியது. வீட்டைக் கட்டியவரும் விற்றவரும் போய்விட்டார்கள். இவர் பிள்ளை குட்டிகளோடு அந்த வீட்டில் வாழப் போகிறார். நுழையும் வாசலில் பிறருடைய மனக்குறை நிற்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதே, அதுவே அல்லாஹ்வின் அருள். விற்றவர் இன்னும் கொடுக்கவில்லை. அவருக்காகவும் துஆ செய்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை ஹலாலான பொருளால் அமைத்துத் தருவாயாக! உழைத்தவரின் கூலியை நிறைவாகக் கொடுப்பவர்களாகவும், கொடுத்த வாக்கைக் காப்பவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் வைத்திருக்கும் பிறருடைய ஹக்குகளை இந்த உலகிலேயே தீர்த்துவிட எங்களுக்கு உதவி செய்வாயாக! சொந்த வீடு இல்லாமல் வாடகையில் சிரமப்படும் எங்கள் சகோதரர்களுக்கு நல்ல இல்லங்களை அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.